பூட்டிய வாயிலுக்கு இடும் இணைப்பு: இணைய நோக்கு நூல்களும் பதிவு கோரும் தளங்களும்

ஆய்வுச்சுருக்கம்

இணையக் கலைக்களஞ்சியங்களும் நூலடைவுகளும் பயனர் பதிவு கோரும் தளங்களுக்கு இணைப்புத் தரலாமா என்னும் வினா கடந்த இருபத்தைந்து ஆண்டுகளாக எழுந்துவருகிறது. அச்சு மரபிலும் இணைய மரபிலும் இவ்வினா பெற்ற விடைகளை இக்கட்டுரை வரலாற்று முறையில் ஆராய்கிறது. சான்றாக நிற்கும் இணைப்பையும் மேல்வாசிப்புக்கான இணைப்பையும் வேறுபடுத்த வேண்டும் என்பதும், பதிவு என்பது கட்டணத்தினும் சிறிய தடையன்று என்பதும், இணைப்பு இடுபவர் கண்ணுக்குப் பூட்டுப் புலப்படாமல் போவதே இன்றைய முதன்மைச் சிக்கல் என்பதும் இக்கட்டுரையின் கருத்துகள்.

திறவுச்சொற்கள்: நோக்கு நூல்கள், விக்கிப்பீடியா, சான்று, பயனர் பதிவு, திறந்த அணுகல், ஜேஸ்டோர், சங்க இலக்கியக் காலம்

முன்னுரை

இணையக் கலைக்களஞ்சியம் ஒன்றில் ஒரு செய்திக்குச் சான்றாகத் தரப்பட்ட இணைப்பைச் சொடுக்கும் வாசகர், மூன்று வகைப் பக்கங்களுள் ஒன்றை அடைகிறார். சான்று முழுமையாகத் திறக்கலாம். பணம் கேட்கும் பக்கம் வரலாம். பணம் வேண்டா, பெயரும் மின்னஞ்சல் முகவரியும் தந்து பதிவுசெய்துகொள்க என்னும் பக்கமும் வரலாம். முதல் இரண்டைப் பற்றித் திறந்த அணுகல் இயக்கம் சார்ந்து ஏராளமாக எழுதப்பட்டுள்ளது. மூன்றாவது வகை, இரண்டுக்கும் இடைப்பட்ட ஒரு சிறு தொல்லை என்ற அளவிலேயே பெரும்பாலும் கருதப்பட்டு விடப்படுகிறது. அக்கருத்து சரியானதன்று.

இவ்வினா தமிழாய்வுக்கு வெளியே உள்ளதன்று. தமிழ் வரலாறு, மொழியியல், கல்வெட்டியல் ஆகிய துறைகளில் அயல்நாட்டு ஆய்விதழ்களில் வெளிவந்த கட்டுரைகளுள் கணிசமானவை பதிவோ சந்தாவோ கோரும் தளங்களில்தான் உள்ளன. 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியா உள்ளிட்ட தமிழ் நோக்கு நூல்கள் அவற்றைச் சுட்டாமல் இயங்க இயலாது. சுட்டினால் வாசகருள் பெரும்பகுதியினர் அவற்றைத் திறந்து பார்க்க இயலாது. இவ்விரு இயலாமைக்கும் நடுவில் எதைச் செய்வது என்பதே வினா.

அச்சு மரபில் அணுகல்

நோக்கு நூல் ஒன்று, வாசகர் கைக்கு எட்டாத ஒன்றைச் சுட்டுவது இணையத்தோடு தோன்றிய வழக்கமன்று. ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தின் போட்லியன் நூலகம் 1602இல் திறக்கப்பட்டது; அதன் அச்சிட்ட நூற்பட்டியல் 1605இல் வெளிவந்தது. பட்டியலை எவரும் எங்கும் வைத்துப் படிக்கலாம். பட்டியல் சுட்டும் நூலைப் படிப்பதற்கோ, அனுமதி பெற்று, நூலகத்துள் நெருப்புக் கொண்டுவருவதில்லை என்பது உள்ளிட்ட உறுதிமொழியை ஏற்று, உள்ளே சென்று அமர வேண்டும். 1759இல் திறக்கப்பட்ட பிரித்தானிய அருங்காட்சியகத்தின் படிப்பகத்திலும் அனுமதிச் சீட்டு இன்றி எவரும் நுழைய இயலாது. சீட்டுப் பெறுவதற்குப் பரிந்துரைக் கடிதம் வேண்டும். இவை இரண்டும் இன்றைய சொல்லில் ‘பதிவு கோரும்’ நிறுவனங்களே. ஆயினும் அங்குள்ள சுவடியைச் சுட்டிய எந்த ஆய்வாளரும், வாசகர் நுழைய இயலாத இடத்தைச் சுட்டிவிட்டார் என்று குறை கூறப்பட்டதில்லை.

தமிழ்ப் பதிப்பு வரலாற்றிலும் இதே நிலையைக் காணலாம். உ. வே. சாமிநாதையர் சீவகசிந்தாமணியை 1887இல் பதிப்பித்தது முதலாகத் தம் பதிப்புகளின் முகவுரைகளில், தமக்குக் கிடைத்த ஏட்டுப் பிரதிகள் எவரிடமிருந்து, எந்த ஊரிலிருந்து வந்தன என்பதைப் பதிவுசெய்து வந்தார். திருவாவடுதுறை ஆதீனத்து ஏட்டை அன்றைய வாசகர் எல்லாரும் சென்று புரட்டியிருக்க இயலாது. ஆனால் அந்தக் குறிப்பு வீணன்று. ஏடு இன்ன இடத்தில் உள்ளது என்று வெளிப்படையாகச் சொல்லப்பட்டதால், எவரேனும் ஒருவர் என்றேனும் சென்று ஒப்பிட இயலும். பாடவேறுபாடு குறித்த கூற்று, சரிபார்க்கத்தக்க கூற்றாக நிற்பதற்கு அவ்வளவு போதும்.

ஆக, அச்சு மரபின் விடை தெளிவானது. சான்று எங்கே உள்ளது என்று சொல்வது ஆசிரியர் கடமை. அங்கே செல்லும் வழி வாசகர் பொறுப்பு. இணைய இணைப்பு இந்தப் பங்கீட்டைத் தொந்தரவு செய்தது. அடிக்குறிப்பு ஓர் இடத்தைச் சொல்கிறது. இணைப்போ அங்கே அழைத்துச் செல்வதாக உறுதி தருகிறது. நீலநிற எழுத்தைச் சொடுக்கும் வாசகர், மறுநொடியில் சான்றைக் காண்போம் என்றே எதிர்பார்க்கிறார். பழைய அடிக்குறிப்பு எவரையும் ஏமாற்றியதில்லை. பூட்டிய வாயிலுக்கு இட்ட இணைப்பு ஒவ்வொரு முறையும் சிறிதளவு ஏமாற்றுகிறது.

‘இலவசப் பதிவு தேவை’

இந்த ஏமாற்றத்துக்குப் பெயரிட்டு அறிவிக்கும் வழக்கம் இணையத்தின் தொடக்க ஆண்டுகளிலேயே உருவாயிற்று. நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் 1996 சனவரியில் தன் தளத்தைத் தொடங்கியபோது, அமெரிக்க வாசகரிடம் படிப்பதற்குப் பணம் கேட்காமல் பதிவை மட்டும் கேட்டது. 1997இல் தொடங்கிய ஸ்லாஷ்டாட் போன்ற செய்தித்திரட்டுத் தளங்கள் அந்நாளிதழைச் சுட்டும்போதெல்லாம் ‘இலவசப் பதிவு தேவை’ என்னும் பொருளுடைய சிறு குறிப்பைச் சேர்த்தன. எந்த நிறுவனமும் வகுத்துத் தந்த விதியன்று அது. சக வாசகரின் நேரத்தை மதித்த சிலர் தாமே கைக்கொண்டது. பின்னாளைய கலைக்களஞ்சிய விதிகள் அனைத்தும் இந்தக் குறிப்பின் வளர்ச்சியே எனலாம்.

மறுபுறம், பதிவை மதிக்காத வழக்கமும் உடன் வளர்ந்தது. 2003இல் தோன்றிய பக்மீநாட் என்னும் தளம், பொதுவாகப் பயன்படுத்தத்தக்க பயனர் பெயர்களையும் கடவுச்சொற்களையும் திரட்டி வெளியிட்டது. பதிவுக்கு வாசகர் தந்த பெயர்களில் எத்தனை உண்மையானவை என்பது அத்தளங்களுக்கே ஐயமாயிற்று. இதுவும் புதிதன்று; பிரித்தானிய அருங்காட்சியகப் படிப்பகத்தில் 1902இல் ‘ஜேக்கப் ரிக்டர்’ என்னும் பெயரில் சீட்டுப் பெற்றவர் லெனின்.

தேடுபொறிகள் வேறொரு வழியை முயன்றன. கூகுள் நிறுவனத்தின் ‘முதற் சொடுக்கு இலவசம்’ என்னும் விதிப்படி, தேடல் முடிவிலிருந்து வரும் வாசகருக்கு முதற் பக்கத்தைப் பூட்டின்றிக் காட்டும் தளங்களே தேடலில் முழுமையாக இடம்பெறலாம். 2009இல் இது ஒரு நாளைக்கு ஐந்து பக்கங்கள் என்றும், 2015இல் மூன்று என்றும் குறைக்கப்பட்டு, 2017 அக்டோபரில் கைவிடப்பட்டது. இணைப்பு இடுபவர் சுட்டப்படும் தளத்துக்கு நிபந்தனை விதிக்க இயலும் என்பதற்கு இது ஓர் அரிய எடுத்துக்காட்டு. ஆனால் அத்தகைய வலிமை கூகுளுக்கு உண்டு. எந்தக் கலைக்களஞ்சியத்துக்கும் இல்லை.

நோக்கு நூல்களே பூட்டுக்குள் இருந்ததையும் மறந்துவிடலாகாது. பிரித்தானிக்கா கலைக்களஞ்சியம் 1994இல் சந்தா முறையில் இணையத்துக்கு வந்தது. 1999 அக்டோபரில் முழுவதும் இலவசமாகத் திறக்கப்பட்டபோது, வருகையாளர் பெருக்கத்தைத் தாங்காமல் தளம் முடங்கியது. 2001இல் மீண்டும் கட்டணத்துக்குத் திரும்பியது. அதே 2001 சனவரியில் ஆங்கில விக்கிப்பீடியா தொடங்கியது என்பது தற்செயலே. ஆயினும் எவரும் பதிவின்றிப் படிக்கலாம் என்னும் அதன் அடிப்படை, அது சுட்டும் சான்றுகளிடமும் வாசகர் எதிர்பார்க்கும் இயல்பாக மாறியதில் வியப்பில்லை.

சான்றும் மேல்வாசிப்பும்

ஆங்கில விக்கிப்பீடியாவின் விதிகளைப் படிப்போர் முதலில் ஒரு முரணைக் காண்பர். வெளியிணைப்புகள் பற்றிய வழிகாட்டல், பதிவோ கட்டணமோ கோரும் தளங்களுக்கு இணைப்புத் தருவதைப் பொதுவாகத் தவிர்க்கச் சொல்கிறது. சரிபார்க்கத்தக்க தன்மை பற்றிய கொள்கையோ, பெறுவதற்கு அரிது அல்லது செலவு மிகுந்தது என்னும் காரணத்துக்காக நம்பகமான சான்று எதையும் மறுக்கலாகாது என்கிறது. உண்மையில் இங்கு முரண் இல்லை. முதல் விதி, கட்டுரையின் இறுதியில் ‘மேலும் காண்க’ என்ற நோக்கில் தரப்படும் இணைப்புகளுக்கு உரியது. அந்த விதியிலேயே, சான்றுக் குறிப்பின் பகுதியாக வரும் இணைப்புக்கும், கட்டுரைப் பொருளாக அமைந்த தளத்துக்கான இணைப்புக்கும் விலக்கு உண்டு. இரண்டாம் விதி சான்றுகளுக்கு உரியது.

இந்த வேறுபாடு நுணுக்கமானதாகத் தோன்றினாலும் விளைவு பெரிது. மேல்வாசிப்பு வாசகருக்குச் செய்யும் உதவி. பூட்டியிருந்தால் அது உதவியன்று. சான்றோ உதவிக்காகத் தரப்படுவதன்று. கட்டுரையில் உள்ள கூற்று எங்கிருந்து வந்தது என்று ஒப்புக்கொள்வது அது. ஒப்புக்கொள்ளல், கேட்பவர் கைக்கு எட்டுகிறதா இல்லையா என்பதைப் பொறுத்து மாறலாகாது.

தமிழ் வாசகர் நன்கறிந்த ஒரு விவாதத்தைக் கொண்டு இதனை விளக்கலாம். ஹெர்மன் டீக்கன் 2001இல் வெளியிட்ட நூலில், சங்கப் பாடல்கள் கி.பி. எட்டு அல்லது ஒன்பதாம் நூற்றாண்டில் பாண்டியர் அவையில் இயற்றப்பட்டவை என்று வாதிட்டார். இக்கருத்தை ஏற்காதவர்களுள் ஒருவரான ஜார்ஜ் ஹார்ட்டின் மதிப்புரை 2004இல் அமெரிக்கக் கீழைத்தேயக் கழகத்தின் ஆய்விதழில் வெளிவந்தது. சங்க இலக்கியத்தின் உள்முகக் காலவரிசை பற்றிய ஈவா வில்டனின் கட்டுரை 2002இல் வியன்னாவிலிருந்து வரும் தென்னாசியவியல் ஆய்விதழில் வெளிவந்தது. இவ்விரு ஆய்விதழ்களும் ஜேஸ்டோர் தொகுப்பில் உள்ளன. சங்க இலக்கியக் காலம் பற்றிய ஒரு கலைக்களஞ்சியக் கட்டுரை, பூட்டிய தளங்களைச் சுட்டலாகாது என்னும் விதியை அப்படியே கடைப்பிடித்தால் என்ன நேரும்? இக்கட்டுரைகளின் இடத்தை எவரும் எளிதில் திறக்கத்தக்க நாளிதழ்க் கட்டுரைகளும், தன்னார்வலர் எழுதும் பக்கங்களும் பிடிக்கும். சங்க காலத்தைப் பல ஆயிரம் ஆண்டுகள் பின்னே தள்ளும் பக்கங்களும், டீக்கனின் கருத்தை மறுமொழியின்றித் திரும்பச் சொல்லும் பக்கங்களும் பூட்டின்றியே கிடைக்கின்றன. எளிதில் கிடைப்பதையே சான்றாகக் கொள்ளும் நோக்கு நூல், பூட்டு இல்லாத காரணத்தாலேயே தரம் குறைந்ததை முன்னிறுத்தும். இந்த விளைவை விரும்பி எவரும் விதி வகுப்பதில்லை. ஆனால் நல்லெண்ணத்தோடு வகுத்த விதி இவ்விளைவைத் தரும்.

எனவே சான்றாக நிற்கும் இடத்தில் பூட்டிய தளத்தைச் சுட்டுவதில் தயக்கம் வேண்டியதில்லை என்பது இக்கட்டுரையாசிரியரின் நிலைப்பாடு. ஆனால் இதனோடு சேர்ந்த மற்றொரு கடமை பெரும்பாலும் நழுவவிடப்படுகிறது. அதே சான்று வேறெங்கேனும் திறந்து கிடைக்கிறதா என்று தேடிப்பார்ப்பதே அக்கடமை. இராபர்ட் சீவெல் இந்தியாவில் கிடைத்த உரோம நாணயங்கள் பற்றி எழுதிய விரிவான கட்டுரை, இலண்டன் அரச ஆசியக் கழகத்தின் ஆய்விதழில் 1904இல் வெளிவந்தது. தென்னிந்திய வணிக வரலாறு எழுதும் எவரும் இன்றும் அதனைச் சுட்டுகின்றனர். ஜேஸ்டோர் 2011 செப்டம்பரில் பழைய கட்டுரைகளை இலவசமாகத் திறந்தபோது, அமெரிக்காவில் 1923க்கு முன்பும் பிற நாடுகளில் 1870க்கு முன்பும் வெளிவந்தவை மட்டுமே அவ்வெல்லைக்குள் வந்தன. 1904ஆம் ஆண்டு இலண்டன் இதழ் அதில் அடங்கவில்லை. சீவெல் மறைந்தது 1925இல். காப்புரிமை எப்போதோ முடிந்துவிட்டது. அவ்விதழின் பழைய தொகுதிகளின் வருடிய படிமங்கள் இன்டர்நெட் ஆர்க்கைவ் தளத்தில் கிடைக்கின்றன. ஆகவே அக்கட்டுரைக்கு ஜேஸ்டோர் இணைப்பை மட்டும் தருவது, பொதுவழி அருகிலேயே இருக்கப் பூட்டிய வாயிலைக் காட்டுவதாகும். தமிழியலின் பத்தொன்பதாம் நூற்றாண்டு, இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கக் கட்டுரைகள் பலவற்றுக்கும் இது பொருந்தும்.

கட்டணமும் பெயரும்

ஆங்கில விக்கிப்பீடியாவில் 2016இல் சான்று வார்ப்புருக்களுடன் பூட்டுக் குறிகள் சேர்க்கப்பட்டன. இன்று பச்சைத் திறந்த பூட்டு இலவச அணுகலையும், சாம்பல் நிறப் பூட்டு பதிவு அல்லது வரம்புக்குட்பட்ட அணுகலையும், சிவப்புப் பூட்டு சந்தாவையும் குறிக்கின்றன. இதில் ஒரு நுட்பம் பாராட்டத்தக்கது. கட்டுரைத் தலைப்பின்மேல் இடப்படும் இணைப்பு திறந்திருக்கும் என்று கொள்ளப்படுவதால், பூட்டியிருந்தால் மட்டும் குறி இடப்படுகிறது. டிஓஐ போன்ற அடையாள எண்களின் இணைப்பு பூட்டியிருக்கும் என்று கொள்ளப்படுவதால், திறந்திருந்தால் மட்டும் குறி இடப்படுகிறது. வாசகரின் எதிர்பார்ப்பு எங்கே பிழைக்கிறதோ அங்கே மட்டும் அறிவிப்பது நல்ல முறை.

ஆனால் சிவப்புக்கும் பச்சைக்கும் நடுவில் சாம்பலை வைத்ததில் ஒரு முன்முடிவு உள்ளது. பதிவு என்பது பாதிப் பூட்டு, கட்டணத்தினும் எளியது என்பதே அம்முன்முடிவு. பணத்தை மட்டும் கணக்கிட்டால் அது சரி. ஜேஸ்டோர் 2012 சனவரியில் 75 இதழ்களைக் கொண்டு தொடங்கிய ‘பதிவுசெய்து படி’ திட்டம் இரு வாரங்களுக்கு மூன்று கட்டுரைகளை இலவசமாகப் படிக்க விட்டது. ஓராண்டில் ஏறத்தாழ 1,200 இதழ்களுக்கு விரிந்தது. கொரோனாப் பெருந்தொற்றுக் காலத்தில், 2020இல், மாதத்துக்கு 100 கட்டுரைகள் என்று உயர்ந்தது. நிறுவனச் சார்பற்ற ஆய்வாளருக்கு இது பெருங்கொடை என்பதில் ஐயமில்லை. ஒரு ரூபாயும் செலவின்றி ஆய்வேட்டை முடித்தோர் பலர்.

எனினும் பதிவு கேட்கும் விலை வேறு. நூலகத்தில் ஒரு நூலை எடுத்துப் படித்தவர், எந்தப் பக்கத்தை எத்தனை முறை புரட்டினார் என்பதை எவரும் அறிவதில்லை. பதிவுசெய்து படிப்பவரின் ஒவ்வொரு வாசிப்பும் அவர் பெயரோடு பதிவாகிறது. சாதி, ஈழப் போர், மொழிப் போராட்டம் ஆகியவை பற்றி ஆராய்வோருக்கு, எதைப் படித்தோம் என்பது தம் பெயரோடு எங்கோ தேங்கிநிற்பது பொருட்படுத்தத் தகாத செய்தியன்று. தேங்கிய பெயர்ப்பட்டியல்கள் கசிவதும் கற்பனையன்று. 2024இல் இன்டர்நெட் ஆர்க்கைவ் தாக்குதலுக்கு உள்ளானபோது, ஏறத்தாழ 3.1 கோடிப் பயனர் கணக்குகளின் மின்னஞ்சல் முகவரி உள்ளிட்ட விவரங்கள் வெளியேறின. அத்தளத்தில் பொதுவுடைமை நூல்களைப் படிக்கப் பதிவு வேண்டுவதில்லை. காப்புரிமையுள்ள நூலை இரவல் பெறவே வேண்டும். விக்கிப்பீடியாக் கட்டுரைகளின் சான்றுகளில் அத்தளத்து நூல்களுக்குப் பெருவாரியாக இணைப்புகள் சேர்க்கப்பட்டிருந்தன. 2019இல் அத்தளமே 50,000 நூல்களை நோக்கிய 1,30,000 சான்று இணைப்புகளை அறிவித்திருந்தது. அவற்றைத் தொடர்ந்து சென்று கணக்குத் தொடங்கியவர்களும் அப்பட்டியலில் இருந்திருப்பர். 2023 அக்டோபரில் பிரித்தானிய நூலகம் தாக்கப்பட்டபோதும், களவாடப்பட்ட ஏறத்தாழ 600 ஜிகாபைட் கோப்புகளில் பயனர்களின் விவரங்களும் இருந்தன.

பதிவு கோரும் தளத்துக்கு இணைப்பு இடும் நோக்கு நூல், வாசகரிடம் அவர் பெயரைக் கொடுக்குமாறு மறைமுகமாகச் சொல்கிறது. கட்டணத் தளமாயின் வாசகர் தயங்கி நிற்பார், பணம் அவரை எச்சரிக்கும். இலவசப் பதிவில் அந்த எச்சரிக்கை இல்லை. ஆதலின் சாம்பல் நிறப் பூட்டு சிவப்பினும் மங்கலாக இருப்பது முறையன்று என்று தோன்றுகிறது.

தமிழ் மின்னூலகங்கள் இவ்வகையில் வேறொரு மரபைக் காத்துவந்துள்ளன. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம், 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் ஆகியவற்றில் ஒரு நூலைப் படிக்கப் பெயர் சொல்ல வேண்டியதில்லை. தமிழ் நோக்கு நூல்கள் இவற்றுக்குத் தாராளமாக இணைப்புத் தரலாம். ஈழத்து இதழ்களைப் பற்றிய ஒரு கட்டுரைக்கு நூலகம் தளத்து இணைப்பு எத்தகைய வலிமை தருகிறது என்பதை, அத்தகைய இணைப்பு வாய்க்காத துறைகளில் எழுதுவோர் நன்கறிவர்.

காணப்படாத பூட்டு

பூட்டைக் குறிக்க வேண்டும் என்று ஒப்புக்கொண்ட பின்னும், அதனைக் குறிப்பவர் யார் என்ற வினா எஞ்சுகிறது. இணைப்பு இடுபவரே குறிக்க வேண்டும். ஆனால் பல வேளைகளில் அவர் கண்ணுக்குப் பூட்டு தெரிவதில்லை. பல்கலைக்கழக வளாகத்துள் அமர்ந்து ஆய்விதழைத் திறப்பவரை, வளாக வலையமைப்பின் இணைய முகவரியைக் கொண்டே தளம் அடையாளம் கண்டு உள்ளே விடுகிறது. அவரிடம் எதுவும் கேட்கப்படுவதில்லை. அதே இணைப்பை வீட்டிலிருந்து சொடுக்கும் மாணவருக்கு வாயில் அடைபடுகிறது. நாட்டின் எல்லையும் இவ்வாறே செயல்படும்: ஹாத்திடிரஸ்ட் தொகுப்பில் அமெரிக்காவிலிருந்து முழுமையாகத் திறக்கும் பழைய நூல்கள் பல, காப்புரிமைக் கணக்கு வேறுபடுவதால் இந்தியாவிலிருந்து திறப்பதில்லை. பூட்டு என்பது பக்கத்தின் பண்பன்று. பக்கத்துக்கும் அதனை அடைபவருக்கும் இடையிலான உறவின் பண்பு.

இயந்திரங்களும் இதில் பெரிதும் உதவுவதில்லை. இணையத்தின் எச்டிடிபி நெறிமுறையில் அனுமதி இன்மைக்கு 401 என்றும், கட்டணத் தேவைக்கு 402 என்றும் குறியெண்கள் உண்டு. 402 எதிர்காலப் பயன்பாட்டுக்கு என்று ஒதுக்கப்பட்டு இன்றும் அவ்வாறே உள்ளது. பதிவுப் படிவத்தைக் காட்டும் தளங்கள் பெரும்பாலும் எல்லாம் நலமே என்று பொருள்படும் 200 என்னும் குறியெண்ணையே திருப்பியனுப்புகின்றன. ஆகவே இறந்த இணைப்புகளைக் கண்டறியும் தானியங்கிகள் பூட்டிய இணைப்புகளைக் கண்டறிவதில்லை. மனிதர் ஒருவர் வெளியாளாகச் சென்று பார்த்தாலன்றிப் பூட்டுத் தெரியாது.

இச்சிக்கலை விக்கிப்பீடியா நூலகத் திட்டம் மேலும் கூர்மையாக்கிற்று. குறைந்தது 500 தொகுப்புகளும் ஆறு மாதப் பயனர் கணக்கும் உடைய எழுத்தாளர்களுக்குச் சந்தா தளங்களை இலவசமாகத் திறந்துவிடும் திட்டம் இது. 2015இல் எல்செவியர் நிறுவனம் 45 கணக்குகளை இத்திட்டத்துக்கு வழங்கியபோது எதிர்ப்பு எழுந்தது. திறந்த அணுகலுக்காக வாதாடும் பிளாஸ் அமைப்பின் நிறுவனர்களுள் ஒருவரான மைக்கேல் ஐசன், இதனால் கலைக்களஞ்சியத்தில் பூட்டிய கட்டுரைகளுக்கான இணைப்புகளே பெருகும் என்று கண்டித்தார். கட்டுரையின் தரம் உயர்வதே வாசகருக்கு நன்மை, சான்றைத் தேர்வதில் திறந்தது பூட்டியது என்ற பேதம் வேண்டா என்று திட்டத்தினர் விடையளித்தனர். இரு தரப்பிலும் உண்மை உண்டு. எழுதுபவர் உள்ளே, படிப்பவர் வெளியே என்ற பிளவை ஐசன் சரியாகவே கண்டார்; ஆனால் எழுதுபவரையும் வெளியே நிறுத்துவது அதற்குத் தீர்வன்று.

அத்திட்டத்தின் மற்றொரு பாடம் ஹைபீம் தளத்தின் முடிவில் உள்ளது. தொடக்க ஆண்டுகளில் எழுத்தாளர்களுக்குக் கணக்குகளை வழங்கிய தளங்களுள் ஒன்று ஹைபீம். எண்ணற்ற செய்தித்தாள் சான்றுகளுக்கு அதன் இணைப்பே இடப்பட்டது. 2018 இறுதியில் தளம் மூடப்பட்டது. வாசகர் திருப்பிவிடப்பட்ட குவெஸ்டியாவும் 2020இல் மூடப்பட்டது. திறந்த பக்கமாயின் வேபேக் மெஷின் ஒரு படியைக் காத்திருக்கக்கூடும். பூட்டிய பக்கத்தின் உட்பகுதி எந்தக் காப்பகத்திலும் சேர்வதில்லை. இதழின் பெயர், நாள், பக்க எண், ஆசிரியர் ஆகியவற்றை முழுமையாகக் கொடுத்த சான்றுகள் பிழைத்தன. இணைப்பை மட்டும் நம்பியவை வெறும் நீல எழுத்துகளாயின. திறந்த தளங்களும் இதற்கு விலக்கல்ல. தமிழ்நாடு சார்ந்த திட்டங்களின் படிமங்களையும் தாங்கிய பிரித்தானிய நூலகத்தின் அழிநிலை ஆவணத் திட்டத் தளம், 2023 தாக்குதலுக்குப் பின் நெடுநாள் எட்டாமல் போயிற்று. சாமிநாதையர் முகவுரைகளின் முறை இங்கே மீண்டும் பொருள்பெறுகிறது: ஏடு யாரிடம் இருந்தது என்று எழுதிவைத்தால், வழி அடைபட்டாலும் தடயம் எஞ்சும்.

இந்தியாவில் காணப்படாத பூட்டுகளின் எண்ணிக்கை இனிப் பெருகவே செய்யும். ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்துக்கு ஒன்றிய அமைச்சரவை 2024 நவம்பர் 25 அன்று ஒப்புதல் அளித்தது. மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கீட்டில், 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 ஆய்விதழ்களை 6,300க்கு மேற்பட்ட ஒன்றிய, மாநில அரசுசார் உயர்கல்வி, ஆய்வு நிறுவனங்களுக்கு இத்திட்டம் திறந்துவிடுகிறது. 2025 சனவரியில் நடைமுறைக்கு வந்தது. அரசு கலைக்கல்லூரி ஒன்றின் தமிழ்த்துறை ஆய்வாளர், முன்பு நண்பர்களிடம் கேட்டுப் பெற்ற ஆய்விதழ்களைத் தம் பெயரிலேயே படிக்க இயலும் என்பது பெரும் மாற்றம். அவர் எழுதும் கலைக்களஞ்சியக் கட்டுரைகளின் சான்றுகளும் வலுப்பெறும். அக்கட்டுரையைப் படிக்கும் சுயநிதிக் கல்லூரி ஆசிரியர், பணி ஓய்வுபெற்ற புலவர், யாழ்ப்பாணத்திலும் கோலாலம்பூரிலும் உள்ள மாணவர் ஆகியோர் அதே சான்றின்முன் பதிவுப் படிவத்தையோ விலைப்பட்டியலையோ காண்பர். ஆதலால் நிறுவன அணுகல் உடையோர் தாம் இட்ட இணைப்பை, வளாக வலையமைப்புக்கு வெளியே, புகுபதிகை செய்யாத உலாவியில் ஒருமுறை சொடுக்கிப் பார்த்து, அங்கே காண்பதைச் சான்றின் அருகில் எழுதிவைக்க வேண்டும். தமிழ்க் கலைக்களஞ்சியங்களின் சான்று வார்ப்புருக்களில் இதற்கான இடத்தை ஏற்படுத்துவது ஒரு மாலைப் பொழுதின் வேலை. பழைய கட்டுரைகளின் சான்றுகளை இவ்வாறு ஒவ்வொன்றாகச் சரிபார்ப்பதற்குத்தான் ஆட்கள் வேண்டும். முதுகலைத் தமிழ் மாணவர்களின் களப்பணியாக அதனை வகுக்கலாம்.